தம்பியின் தொடையில் மூன்று கோடுகள்

அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் இத்தனை பேர்தான்: நான், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை வார்டு நர்ஸாக இருக்கும் அந்த மகனின் மனைவி, நடுவில் அரை மணி நேரம் வந்துபோன மருந்துக்கடைக்காரர். வேறு யாரும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் இன்றைக்குப் பேசுகிறவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட அன்று எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவன். எங்கள் வீட்டுக்கே அளவுக்காரர் வீடு என்றுதான் பெயர். பங்காளிகள் கம்பும் கையுமாக நிற்கிற வயலில் நான் சங்கிலியைப் பிடித்து நடந்து, இதுதான் எல்லை என்று கல் நடச் சொன்னால், தோற்றவனும் வாயை மூடிக்கொண்டு போவான். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். வீட்டுக்குள்ளும் எது எதுவரை என்பதை நான்தான் சொல்லிவந்தேன்.

தம்பி எனக்கு நேர் எதிர். தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மெஷின் ஓடுகிறதோ இல்லையோ, அவன் வாய் ஓடும். பதினான்கு வருஷமாக அவனுக்குச் சர்க்கரை வியாதி. அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான். "நம்ம வீட்ல இனிப்பானவன் நான் ஒருத்தன்தான், எங்கண்ணன் வேப்பிலை" என்பான்.

மருமகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் சம்பந்தம் பேசப் போனபோது, பெண் நர்ஸ் என்று தெரிந்ததும் நான் எழுந்துவிட்டேன். ஊரார் உடம்பையெல்லாம் தொடுகிற வேலை. தம்பி மகன்தான் அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று நின்றான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்: வேலைக்குப் போகலாம், ஆனால் அந்த வேலை வாசலோடு நிற்க வேண்டும். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அவள் மருமகள், நர்ஸ் அல்ல. அவர்கள் உடம்பை அவள் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. அவள் தலையை ஆட்டினாள். ஒன்பது வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். எனக்கு ஒருமுறை நடு முதுகில் அக்கி வந்தபோதுகூட, மருந்துக் குப்பியைக் கதவோரம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வெளியில் இதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை தம்பிக்கு உள்தொடையில் ஒரு கட்டி வந்தது. இடம் அப்படிப்பட்ட இடம். வியாழக்கிழமை கடையில் உட்கார்ந்து அவனே மெஷின் ஊசியால் அதைக் குத்திவிட்டான். வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மருமகள் டூட்டிக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உள்ளே தம்பி முனகிக்கொண்டிருந்தான். நான் அவன் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"அத்தை, மாமா என்ன இப்படி முனகறாரு?"

"தொடையில ஒரு கட்டிம்மா. குத்தி விட்டுட்டாரு. அதுலேருந்துதான்."

"எவ்ளோ பெரிசு?"

"சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆனா போர்வை பட்டாலே துடிக்கறாரு."

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். "சுண்டைக்காய் அளவு கட்டிக்கு இவ்ளோ வலியா? பெரிய மாமா, நான் ஒரு தடவை பாக்கணும்."

"எதை?" என்றேன்.

"காயத்தை."

உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அம்மாடி, உங்க மாமா மானத்தை வாங்காதே. அந்த இடத்தைப் பெத்தவளுக்கு அப்புறம் உங்க அத்தை ஒருத்திதான் பாத்திருக்கா. அவளும் கண்ணை மூடிக்கிட்டுதான்."

"பேச்சைப் பாரு. காய்ச்சல்ல கிடக்கும்போதும் இது குறையலை" என்றாள் தம்பி மனைவி.

"நான் தினம் இருபது பேருக்குப் பாக்கறேன் மாமா. எனக்கு அது வெறும் தோல்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றேன் நான். "பேசின பேச்சு ஒண்ணு இருக்கு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை இருந்ததால் பேச முடியவில்லை என்று பிற்பாடு சொன்னான். நுரையைத் துப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

"சரி, அப்ப ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஆம்பளை டாக்டரே பாக்கட்டும். வலி காயத்தை விடப் பெரிசா இருக்கு பெரிய மாமா. சர்க்கரை உடம்பு வேற. எனக்கு அது பிடிக்கலை."

"கட்டிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனா நாலு பேர் சிரிப்பான். மருந்துக்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். நீ கிளம்பு, நேரமாவுது."

அவள் மேல்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். தோலில் எழுதுவதற்கென்றே இருக்கிற பேனா, தண்ணீர் பட்டாலும் போகாதாம்.

"அப்ப இதை மட்டும் செய்யுங்க. சிவப்பு எங்க முடியுதோ அந்த ஓரத்துலயே சுத்திக் கோடு போடுங்க. மணிக்கு ஒரு தடவை பாருங்க. காயத்தைப் பாக்காதீங்க, அது ஒண்ணும் சொல்லாது. ஓரத்தைப் பாருங்க. சிவப்பு கோட்டைத் தாண்டினா, தோல் கருநீலமா மாறினா, கொப்புளம் வந்தா, மூச்சு வேகமானா, பேச்சு சம்பந்தமில்லாம போனா, இதுல எது ஒண்ணு வந்தாலும் உடனே போன் பண்ணுங்க. ரெண்டாவது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

அவள் போன பிறகு பேனாவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தைப் பார் என்றது எனக்குப் பிடித்திருந்தது. நிலத்திலும் தகராறு நடுவில் வருவதில்லை, ஓரத்தில்தான் வரும்.

ஏழு மணிக்கு முதல் கோடு போட்டேன். வேட்டியை ஒதுக்கிப் பார்த்தபோது தொடை பளபளவென்று வீங்கியிருந்தது. சிவப்பு என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. கட்டி நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கோடு போடப் போட அவன் பல்லைக் கடித்தான்.

"அண்ணா, ஊர் நிலமெல்லாம் அளந்து முடிச்சாச்சு, இப்ப என் தொடையா? அளந்து உன் பேருக்கு எழுதிக்காதே. எனக்கு ஒரு வாரிசு இருக்கான்."

"ஆடாம இரு."

"ஆடலை. நடுங்குது."

தொழில் பழக்கம், கோட்டின் பக்கத்தில் சின்ன எழுத்தில் மணியையும் எழுதினேன்.

எட்டு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். இருபது வருஷப் பழக்கம். எங்கள் வீட்டுக்கு எந்த மருந்தும் அவர் கையால்தான் வரும். வாசலில் நின்று, கழுத்தை நீட்டி, இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தார்.

"சூட்டுக் கட்டி. குத்தினதால கொஞ்சம் கோவிச்சிக்கிட்டிருக்கு. களிம்பு போடுங்க, இந்த மாத்திரை வேளைக்கு ஒண்ணு. வலிக்கு இது." பிறகு கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது யார் வேலை? மருமகளா? நர்ஸுங்களுக்கு எலி போனாலும் புலி போன மாதிரிதான். தினம் அதையே பாத்துப் பாத்துக் கண்ணு அப்படி ஆயிடும்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

ஒன்பது மணிக்கு மறுபடி பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. மேல்பக்கம் இரண்டு விரல் அகலம், பக்கவாட்டில் ஒரு விரல். நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். என் கண்ணில் கோளாறு இல்லை. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறவன் நான்.

அப்போது என் மனம் என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அது எனக்குக் காரணம் தேடித் தந்தது. தொடை என்ன சமதரையா? காலை மடக்கினால் தோல் நகரும், கோடும் நகரும். ஏழு மணிக்கு அவன் நடுங்கிக்கொண்டிருந்தான், கோடு உள்வாங்கியிருக்கலாம். அளவில் பிழை இருந்தால் மறு அளவை செய்ய வேண்டியதுதான். பேனாவை எடுத்து, சிவப்பு இப்போது எங்கே முடிகிறதோ அங்கே இரண்டாவது கோடு போட்டேன். பழைய கோட்டை அழிக்கவில்லை. எங்கள் தொழிலில் தப்பான கோட்டைக்கூட அழிக்கக் கூடாது, பக்கத்தில் சரியானதைப் போட்டு நேரம் குறிக்க வேண்டும். 9.10 என்று குறித்தேன்.

ஒன்பதே காலுக்கு மருமகள் போன் செய்தாள்.

"கோட்டைத் தாண்டிச்சா பெரிய மாமா?"

"இல்லை. கோட்டுக்குள்ளதான் இருக்கு."

"நிறம்?"

"சிவப்புதான்."

"வலி?"

"மாத்திரை குடுத்திருக்கு. பாத்துக்கறோம். உன் வேலையைப் பாரு."

தாண்டியது என்று சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். அறைக்குள் நுழைந்திருப்பாள். ஒன்பது வருஷத்துப் பேச்சு உடைந்திருக்கும். அதோடு, காலையில் அவள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்றும் ஆகியிருக்கும். இரண்டில் எது என்னை அதிகம் தடுத்தது என்று யாராவது கேட்டால், இரண்டாவதுதான்.

பதினொன்றரைக்கு மூன்றாவது கோடு போட்டேன். இந்த முறை மூன்று விரல் அகலம். இடுப்பு மடிப்பைத் தொட்டுவிட்டது. நடுவில் தோல் சிவப்பாக இல்லை, நாவல் பழத்தைத் தேய்த்ததுபோல் இருந்தது. களிம்பின் கறை என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். அடுத்த நிமிஷமே அவள் போன் வந்தது. அதே கேள்வி, அதே பதில்.

"நிஜமாவா பெரிய மாமா?" என்றாள்.

"நான் அளந்ததைச் சந்தேகப்படறியா?"

மறுமுனையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

ஒரு மணி வாக்கில் தம்பி முனகுவதை நிறுத்தினான். எழுந்து உட்கார்ந்துகூடப் பார்த்தான். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. ஆனால் சிரித்தான்.

"வலியே இல்லைண்ணா. விட்டுடுச்சு. யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி."

அவன் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து என் முதுகு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தது. மருந்துக்கடைக்காரர் கெட்டிக்காரர் என்று சொன்னேன். சாப்பாடு போடச் சொன்னேன்.

ஒன்று இருபத்திரண்டுக்கு மறுபடி போன் அடித்தது. நான் கை கழுவப் போயிருந்தேன். தம்பி மனைவி எடுத்தாள். சந்தோஷத்தில் அவள் குரல் கொல்லை வரை கேட்டது.

"வலி நின்னுடுச்சும்மா. நீ வீணா பயந்தே. சீழ்கூட இல்லை, துணியில கழனித் தண்ணி மாதிரி ஏதோ கொஞ்சம் வருது, கொஞ்சம் வாடை, அவ்ளோதான். உங்க பெரிய மாமா காலையிலேருந்து பக்கத்துலயே இருந்து பாத்துக்கறாரு. மூணு கோடு போட்டாச்சு."

பிறகு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, மூணு. ஒண்ணுக்கு வெளியில ஒண்ணா. ஏம்மா?"

நான் ஈரக் கையோடு வந்து போனை வாங்கினேன்.

"பெரிய மாமா" என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. வார்டில் பேசுகிற குரலாக இருக்க வேண்டும், அதை நான் அதுவரை கேட்டதில்லை. "மாமாகிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். "மாமா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

தம்பி யோசித்தான். "கடை திறக்கணும்மா. அந்தப் பச்சை மெஷினை உங்க தாத்தா வாங்கிட்டுப் போக வருவாரு." எங்கள் அப்பா இறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான், படி ஏறி வந்தவனைப்போல.

மறுபடி போன் என்னிடம் வந்தது. "வலி நின்னது நல்லதில்லை பெரிய மாமா. அங்க நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. வண்டியோட வர்றேன்."

ஒன்று நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. தெருவே எட்டிப் பார்த்தது. மருமகள் யூனிஃபார்மோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தைத் தாண்டி வந்தாள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. அந்த நேரத்திலும் என் கால் தன் பழக்கத்தில் அங்கே போய் நின்றது.

"நகருங்க" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் பெரிய மாமா என்று சேர்க்காமல் அவள் எனக்கு இட்ட ஒரே கட்டளை அது. நகர்ந்தேன்.

கையுறை மாட்டிக்கொண்டு வேட்டியை விலக்கினாள். தம்பி கூச்சப்படவில்லை, கூச்சப்படத் தெரியாத நிலைக்குப் போய்விட்டான். கருநீலத்தின் நடுவில் இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருந்தன, உள்ளே கறுத்த நீர். அவள் தொடையை விரலால் அழுத்தினாள், காதைக் கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தொட்டுப் பாருங்க பெரிய மாமா."

தொட்டேன். தோலுக்கு அடியில் நறநறவென்றது. ஈர உப்பை அழுத்தினால் நொறுங்குமே, அப்படி. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

"உள்ளே காத்து கோத்திருக்கு. மேல தெரியறது கொஞ்சம்தான். அடியில பாய் விரிச்ச மாதிரி ஓடிக்கிட்டிருக்கு" என்றாள். நாடியைப் பிடித்தாள், மூச்சை எண்ணினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்திரண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோடுகளையும் பக்கத்தில் இருந்த மணிகளையும் ஒரு முறை படித்தாள். 7.00. 9.10. 11.30. என்னை எதுவும் கேட்கவில்லை. தன் பேனாவால் நாலாவது கோட்டைப் போட்டு 1.45 என்று எழுதினாள். அது வயிற்றில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் ஒரு அம்மாள். குட்டையாக, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்தபடியே பார்த்தார். கோடுகளைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இதைக் குறிச்சது யாரு?"

"எங்க பெரிய மாமா" என்றாள் மருமகள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா குறிச்சிருக்கீங்க. நேரம்கூடப் போட்டிருக்கீங்க. எங்க வார்டுலயே சில பேர் இவ்ளோ சுத்தமா செய்யறதில்லை. எவ்ளோ வேகத்துல ஓடுதுன்னு கண்ணாடி மாதிரி தெரியுது."

பின்னால் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தார். தம்பி மகன் நின்றிருந்தான். எல்லார் முன்னாலும் நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். தலையைக்கூட லேசாக அசைத்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "முதல் கோட்டை ஒன்பது மணிக்கே தாண்டியாச்சே. வீட்ல நர்ஸ் இருக்கீங்க. இப்ப மணி ரெண்டரை. ஏன் இவ்ளோ நேரம்?"

இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஊரார் எல்லையைச் சத்தமாகச் சொன்ன வாய்.

"நான் டூட்டில இருந்தேன் டாக்டர்" என்றாள் மருமகள். "உடனே தியேட்டருக்கு எடுத்துடலாமா? ரத்தத்துக்குச் சொல்லியாச்சு."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மருந்துக்கடைக்காரரும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் மானத்தை அவள் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வாழ்ந்த ஒன்பது வருஷம் வீண் போகவில்லை, பெரியவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது என்று, அந்த நேரத்தில், தம்பி தியேட்டர் கதவுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, நான் நினைத்தேன்.

அன்று தொடையிலிருந்து விலா வரை திறந்தார்கள். தசைக்கு மேலே இருக்கிற ஜவ்வு சாம்பல் நிறமாகச் செத்துக் கிடந்தது என்றும், விரலை விட்டால் நனைந்த காகிதம்போல் பிரிந்து வந்தது என்றும் டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வெட்டி எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. ஒன்பது மணிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று தம்பி மகன் கேட்டான்.

"சத்தியம் பண்ண முடியாது" என்றார் அந்த அம்மாள். "ஆனா இந்த வியாதியில மணிக்கணக்குத்தான் எல்லாமே. அப்ப தொடை மட்டும்தானே."

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு அவன் போய்விட்டான். மயக்க மருந்தில் இருந்தவன் கடைசியாக என்னிடம் கேலியாக எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்த மூன்றாம் நாள், மருமகள் பீரோவிலிருந்து தன் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட என்னை விட்டுக்கொடுக்காம பேசினே" என்றேன். "அதை நான் மறக்கமாட்டேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "உங்களுக்காகச் சொல்லலை பெரிய மாமா. மாமாவுக்கு ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்தது. யார் தப்புன்னு பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷம் போயிடும். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது."

ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டு, "பதினொன்றரைக்கு, நிஜமாவான்னு கேட்டேன்" என்றாள். "அதுக்கு மேல கேக்காம விட்டேனே, அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உங்களைப் பத்தி இல்லை."

திட்டியிருந்தால் எனக்கு எழுந்து நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும். அதையும் அவள் தரவில்லை.

மறுவாரம் அவளும் கணவனும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துப் போனார்கள். தாயையும் கூட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது தம்பி மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அவளுக்கு இங்க சோறு இறங்கலை பெரியப்பா" என்றான். "எனக்கும்தான்." இத்தனை வருஷத்தில் அவன் நுரையில்லாமல் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது வீட்டில் நான் ஒருவன்தான். துக்கம் கேட்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் தூரத்து உறவில் ஒரு மாமன் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்னை நினைச்சாத்தான் மாப்ளே வயிறு எரியுது. கோடு போட்டு, மணி போட்டு, கூடவே இருந்திருக்கே. டாக்டரம்மாவே மெச்சினாங்களாமே. மருந்துக்கடைக்காரன் கண்ணால பாத்ததைச் சொன்னான். அந்தப் பொண்ணு வாயாலயே ஒத்துக்கிட்டாளாமே, டூட்டில இருந்துட்டேன்னு. ஊரான் காலைப் பிடிக்கப் போனவளுக்குச் சொந்த மாமனாரைப் பாக்க நேரமில்லை. மூஞ்சியில முழிக்க முடியாமதான் வீட்டை விட்டுப் போயிட்டாளாம். நம்ம குடும்ப மானத்தைக் காத்தது நீ ஒருத்தன்."

அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் போன பிறகு, வேறொருவர் சொல்லி, அவள் வேலை செய்யும் வார்டு வரைக்கும் இந்தப் பேச்சு போயிருக்கிறது என்று தெரிந்தது. தலைமை நர்ஸ் கூப்பிட்டுக் கேட்டாராம். அவள், ஆமாம், டூட்டியில் இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நோயாளிக்குக் கட்டு மாற்றப் போனாளாம். இதைச் சரிசெய்ய அவள் எதுவும் செய்யமாட்டாள். ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் கெடும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பெரியவர் கோடு போட்டுக் காத்தார், நர்ஸ் மருமகள் டூட்டியை விட்டு வரவில்லை, அதனால்தான் மாமனார் செத்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பொய். காலை ஆறேகாலுக்கு அவள் காயத்தைப் பார்க்கக் கேட்டாள், நான் கதவை மறித்து நின்றேன். ஒன்பதே காலுக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை என்று அவளிடம் சொன்னேன், பதினொன்றரைக்கு மறுபடியும் சொன்னேன், இரண்டு முறையும் தாண்டியிருந்தது. உண்மை அவளுக்குத் தெரிந்தது ஒன்று இருபத்திரண்டுக்கு. அவள் வந்தது ஒன்று நாற்பதுக்கு.